கையெழுத்துப் போட்டால் சம்மதமா?

1968ஆம் ஆண்டு. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம் கிடையாது, செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஜீப்புகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். தோலில் ஊசி போட்டு ஏற்கனவே காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். பிறகு ஒரு தடுப்பூசி போட்டார்கள்.

உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தின. ஆய்வுப் பகுதியில் சுமார் 3,60,000 பேர் இருந்தார்கள். 1971 வரை ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய 2,80,000 பேர். இவர்களில் சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. "எனக்கு நல்ல மருந்து கிடைத்துவிட்டது" என்று ஒருவருக்குத் தெரிந்தால் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறும். "இவருக்கு மருந்து போட்டோம்" என்று டாக்டருக்குத் தெரிந்தால் எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண்ணும் மாறும். அதனால் இருவர் கண்ணையும் கட்டிவிடுகிறார்கள். அறிவியலுக்கு இது அவசியம்தான். ஆய்வின் முடிவும் சாதாரணமானதல்ல. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று 1979-80ல் வெளிவந்த அறிக்கை சொன்னது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகு 1999ல் வந்த அறிக்கையும் அதையே சொன்னது. இன்று குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து குழந்தையைக் காப்பதற்காக. இந்தத் தெளிவை உலகத்துக்குத் தந்ததில் திருவள்ளூர்க் கிராமத்து மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒரு கேள்வி. "உங்களுக்குப் போடுவது மருந்தாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். சம்மதமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும் என்ற விதி அப்போது இந்தியாவில் இருந்ததா? இல்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் செய்த கொடுமைகளுக்குப் பிறகு 1947ல் நூரம்பர்க் விதிகள் வந்தன. 1964ல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு ஐ.சி.எம்.ஆர். தன்னுடைய முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டதோ 1980 பிப்ரவரியில்! அதாவது திருவள்ளூர் ஆய்வின் முதல் முடிவுகள் வந்த பிறகு.

அந்தக் காலத்துக் கள ஆய்வுகளின் பொதுவான வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். ஊர்ப் பெரியவர்கள், பஞ்சாயத்துத் தலைவர், கர்ணம், மணியக்காரர் ஆகியோரைப் பார்த்துப் பேசுவது, அவர்கள் தலையாட்டினால் ஊருக்குள் போவது. ஊருக்குப் பெரியவர் சரி என்ற பிறகு, சேரிக் கடைசி வீட்டில் இருக்கும் கூலிக்காரர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வாரா? இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. ஒருவர் "ஆமாம்" என்று சொன்னதை வைத்து மட்டும் சம்மதத்தை அளக்க முடியாது. "இல்லை" என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மயிலாப்பூர், 1986

இதைப் புரிந்துகொள்ள, திருவள்ளூரிலிருந்து ரயில் ஏறி சென்னைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று அங்கே நடந்தது. பெருமை நியாயமானதுதான், ஆனால் கதை அதோடு முடியவில்லை.

1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. வயது 32. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தவரிடம், இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் என்பது அமெரிக்கர்களின் நோய், நம் பண்பாட்டில் அது வராது என்று பெரிய பெரிய ஆட்களே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

பாலியல் தொழிலாளர்கள் எங்கே இருப்பார்கள் என்றே நிர்மலாவுக்குத் தெரியாது. பம்பாய் மாதிரி சென்னையில் அதற்கென்று தனிப் பகுதி இல்லை. அரசு பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. போலீஸ் பிடிக்கும் பெண்களைக் கோர்ட் மூலமாக ஒரு அரசுக் காப்பகத்தில் அடைக்கிறார்கள். ஊரில் அதை விஜிலென்ஸ் ஹோம் என்பார்கள். நிர்மலாவின் கணவர் அவரை ஸ்கூட்டரில் அங்கே கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. சீரம் பிரித்து வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

பரிசோதனை வசதி சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் ஜான் ஏற்பாடு செய்துகொடுத்தார். 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. மறுபடி செய்து பார்த்தாலும் அதே முடிவு. அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி செய்தார்கள். டில்லிக்குத் தகவல் போனது. தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான்.

ரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது? எதைத் தேடுகிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார். சொன்னாலும் புரிந்திருக்காது, அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம்.

இதை வைத்து அவர்மேல் பழி போடுவது சுலபம், ஆனால் சரியல்ல. 1986ல் ஆய்வு செய்த யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஐ.சி.எம்.ஆர். அறிக்கை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தாலும், ஒரு மாணவி ஊசியோடு காப்பகத்துக்குள் போகும்போது தடுத்துக் கேள்வி கேட்க எந்த நெறிமுறைக் குழுவும் வாசலில் நிற்கவில்லை. தவிரவும், கையுறைகூட இல்லாமல் தன் உயிரையும் பணயம் வைத்துத்தான் அவர் அந்த வேலையைச் செய்தார்.

"சொன்னாலும் புரியாது" என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ரத்தத்தில் ஒரு புதுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறோம், அதற்கு மருந்து இன்னும் கிடையாது, இருந்தால் உங்களிடம் சொல்வோமா மாட்டோமா, வேறு யாரிடம் சொல்வோம்... இவ்வளவுதானே விஷயம்? இதைப் புரிந்துகொள்ள எழுத்தறிவு எதற்கு? ஒருவேளை புரிந்திருந்தால் சிலர் கையை நீட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பூட்டிய காப்பகத்துக்குள், வார்டன் பக்கத்தில் நிற்கும்போது, புரிந்தாலும் மறுக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி.

அப்புறம் நடந்ததுதான் பெரிய பாடம். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தைவிட்டு வெளியே விடாமல் வைத்திருக்கும் நிலை உருவானது. நோயைப் பரப்பிவிடுவார்களாம்! அவர்களிடம் வந்துபோன ஆண்களைத் தேடிப் பிடித்து யாரும் அடைக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1990ல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை "மீட்டு" ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தபோதும் இதே கதைதான். ரத்தச் சோதனை, அதன் பிறகு காவல். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு 1990ல் விடுதலை கிடைத்தது. 1989ல் ராஜ்யசபாவில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் இதே மாதிரி தனிமைப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தர முயன்றது. எதிர்ப்பு கிளம்பி 1992ல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஊசி குத்திய வலி ஒரு நிமிஷம்தான். அந்தப் பெண்களை உண்மையில் காயப்படுத்தியது, முடிவு எழுதிய காகிதம் யார் கைக்குப் போனது என்பது. ஆய்வில் பங்கேற்பவரைப் பாதுகாப்பது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் ஆரம்பத்தில் வாங்கும் கையெழுத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆபத்து வருவதோ ஆய்வு முடிந்த பிறகு.

சுனிதி சாலமன் இதை நேரில் பார்த்தவர். 1993ல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை என்பதற்கு முக்கிய இடம் கிடைத்தது. முன்னால் சொல்லிவிட்டு எடுப்பது, எடுத்த பிறகு தனியாக உட்காரவைத்து முடிவைச் சொல்வது. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த நடைமுறை அப்போது புதுசு.

கும்மிடிப்பூண்டி, 1992

இப்போது திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்குக் கோடிக்குப் போவோம். கும்மிடிப்பூண்டி என்றால் எல்லோருக்கும் சிப்காட் ஞாபகம் வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1990 முதல் இருந்துவரும் இது, மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. (2021ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது.)

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழகத்தில் அகதிகள்மீது பார்வை மாறியது. 1992 ஜனவரியில் அவர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. "விருப்பப்பட்டுப் போகிறோம்" என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் படிவங்கள் இங்கிலீஷில் இருந்தன! யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் படகேறி வந்த மீனவரும் விவசாயியும் தங்களுக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சம்மதமில்லாமல் அனுப்ப மாட்டோம் என்று அரசு சொன்னது. அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர். 1992 ஜூலையில் அனுமதி பெற்று, போகிறவர்களிடம் நிஜமாகவே விருப்பம்தானா என்று கேட்க ஆரம்பித்தது.

இது ஆய்வு இல்லையே என்று கேட்கலாம். ஆய்வு இல்லைதான். ஆனால் முகாம்வாசிகளிடம் கேள்வித்தாளோடு போகும் எந்த மாணவரும் இந்த வரலாற்றின் மீதுதான் போய் நிற்கிறார். ரேஷனும் உதவித்தொகையும் அரசு கையில், வெளியே போய்வரவும் அனுமதி, கண்காணிக்க க்யூ பிரிவு போலீஸ். அங்கே ஒருவர் "கேளுங்க தம்பி" என்று சொன்னால் அது அன்பாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். இலங்கைக்குத் திரும்ப விருப்பமா என்ற ஒரே ஒரு கேள்வி போதும். கேட்பவருக்கு அது புள்ளிவிவரம். பதில் சொல்கிறவருக்கு 1992.

சமூக ஆய்வில் ஊசி இல்லையே?

ரத்தம் எடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை, வெறும் கேள்விதானே என்று சமூக அறிவியலில் ஒரு அலட்சியம் ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்காவில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற சமூகவியலாளர் 1960களில் பொதுக் கழிப்பிடங்களில் ரகசியமாகச் சந்திக்கும் ஆண்களை ஆராய்ந்தார். தான் யாரென்று சொல்லாமல் கூட இருந்து, அவர்களுடைய கார் எண்களைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்தார். ஒரு வருஷம் கழித்து, தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதார சர்வே என்று அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்தார். 1970ல் புத்தகமாக வந்தது. அவர் யார் பெயரையும் வெளியிடவில்லை, அந்த ஆண்கள்மேல் அனுதாபம்தான் காட்டினார். ஆனாலும் அந்தப் பட்டியல் போலீஸ் கையில் சிக்கியிருந்தால் எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கும்?

நம் ஊரில் காசநோய் இதற்கு நல்ல உதாரணம். 1999 முதல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் (2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் 5,80,000 பேர் வாழும் பகுதியில், நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை தரும் டாட்ஸ் முறை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தது. யார் பாதியில் சிகிச்சையை விடுகிறார்கள் என்று பார்த்தபோது, ஆண்கள், ஏற்கனவே சிகிச்சை எடுத்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்று காரணங்கள் வந்தன. கூடவே இன்னொன்றும் வந்தது. தானாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைவிட, சர்வே குழு வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்த நோயாளிகள் அதிகமாகச் சிகிச்சையைக் கைவிட்டிருந்தார்கள். உடம்பு ரொம்ப மோசமாகாததால் அக்கறை இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். தான் கேட்காமலே தன் வாசலுக்கு வந்த நோயை ஒருவர் எப்படி ஏற்றுக்கொள்வார் என்ற கோணமும் இருக்கிறது.

குடிக்கிறீர்களா என்று மனைவி எதிரில் கேட்டால் என்ன பதில் வரும்? காசநோய் இருக்கிறதா என்று வீட்டுச் சொந்தக்காரர் காதில் விழும்படி கேட்டால்? கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணின் வீட்டு வாசலில் சுகாதார ஜீப் நின்றாலே போதும், தெரு முழுக்கச் செய்தி. இதற்கு ஒப்புதல் படிவத்தில் எந்தக் கட்டமும் கிடையாது.

இதில் கொஞ்சம் கொஞ்சமாக அறிவு வந்தது. மும்பையின் செஹாட் அமைப்பு முன்னின்று 2000ல் சுகாதாரம் பற்றிய சமூக ஆய்வுகளுக்கென்று தனி நெறிமுறைகளை உருவாக்கியது. அதே வருஷம் ஐ.சி.எம்.ஆரும் விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது, பிறகு 2006லும் 2017லும் திருத்தியது. குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2001ல் சொன்ன வழிகள் ரொம்ப நுட்பமானவை. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், கணவனுக்கோ மாமியாருக்கோ எதைப் பற்றிய கேள்வி என்று தெரியக்கூடாது. நடுவில் யாராவது வந்துவிட்டால் சட்டென்று வேறு சாதாரண விஷயத்துக்குப் பேச்சை மாற்ற வேண்டும். 2005-06ல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்டார்கள். அதே ஆய்வில் எச்.ஐ.வி. சோதனையும் இருந்தது. எதற்கு ரத்தம் என்று படித்துச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, எடுத்த ரத்தத்தைப் பெயரோடு சேர்க்காமல் அனுப்பினார்கள். விஜிலென்ஸ் ஹோமிலிருந்து இங்கே வர 20 வருஷம் ஆகியிருக்கிறது.

2017ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக்கூடாது, ஆய்வுக்கும் சம்மதம் வேண்டும், ஒருவருக்கு இருக்கும் தொற்றை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. மற்ற விஷயங்களுக்கு இவ்வளவு தெளிவான சட்டம் இல்லை. கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு போகிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். சம்பளம், ஓவர்டைம், விபத்து பற்றி ஆராயப் போகும் மாணவர் முதலில் யாரைப் பார்ப்பார்? கான்ட்ராக்டரைத்தான். அவர் பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்து, "எல்லாரும் சொல்லுங்கப்பா, நம்ம பசங்கதான்" என்பார். படிவம் தமிழிலோ இங்கிலீஷிலோ இருக்கும். மொழிபெயர்ப்பவர் சூப்பர்வைசராகவே இருப்பார். விரலில் அடிபட்டவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, கம்பெனியில் எல்லாம் நல்லா இருக்கு என்று இந்தியில் சொல்வார். பத்துப் படிவங்களிலும் கையெழுத்து இருக்கும்.

அதே தொழிலாளியை ஞாயிற்றுக்கிழமை சந்தையில், கான்ட்ராக்டர் இல்லாமல், அவருக்குத் தெரிந்த மொழியில் பேசும் ஒருவரோடு பார்த்தால் வேறு பதில் வரலாம். பதில் சொல்லாமலே நகர்ந்தும் போகலாம். அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதாமல் விட்டாலும், "ஆறாம் எண் ஷெட், பிரஸ் மெஷின், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர்" என்று எழுதினால் சூப்பர்வைசருக்கு அது போதும், யாரென்று கண்டுபிடித்துவிடுவார். அறிக்கையை மாணவர் சமர்ப்பித்து மதிப்பெண் வாங்கிய பிறகும், திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அந்த கேட்டுக்குள் அவர்தான் போக வேண்டும்.